காந்தட் கிழங்கும் அதன் கூட்டாளிகளும்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலி ஓரங்களிலும் மலைச் சாரல்களிலும் காந்தள் மலர்வதை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலெழுந்து நிற்கும். முதலிற் பசுமை, பின்னர் மஞ்சள், இறுதியிற் செந்நிறம் என்று ஒரே பூவே நாளுக்கு நாள் நிறம் மாறுவதால், ஒரு கொடியில் எரியும் நெருப்பின் எல்லா நிறங்களையும் ஒருசேரக் காணலாம். இலையின் நுனியே பற்றுக்கம்பியாக நீண்டு அருகிலுள்ள செடியைச் சுற்றிக் கொள்ளும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலிடம் பெறுவது இக்காந்தளே. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலராகவும் விளங்குகிறது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கலப்பைபோல் வளைந்திருத்தலின் உழவர் இதனைக் கலப்பைக் கிழங்கு என்பர்; கண்வலிக் கிழங்கு என்பதும் வழக்கு. ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப் பூ என்று பெயர்.

பெயர் எதுவாயினும் ஆகுக. இதன் கிழங்கும் நஞ்சு, விதையும் நஞ்சு. அந்நஞ்சு யாது, அஃது உடலினுள் என்ன செய்கிறது, அதே பொருள் மருந்தாகவும் பயன்படுவது எங்ஙனம் என்பவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். காந்தளோடு நித்தியகல்யாணிச் செடியும் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையும் இப்பேச்சில் இடம்பெறும். இவை மூன்றுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். சற்றுப் பொறுத்தால் அது விளங்கும்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை எல்லா உயிர்களிலும் உண்டு. அவையின்றி எவ்வுயிரும் வாழாது. ஆனால் இவற்றுக்கு அப்பால், ஒரு சில குடும்பத்துத் தாவரங்களிலோ ஒரு சில பூஞ்சைகளிலோ மட்டும் தோன்றும் தனிப்பட்ட பொருள்கள் பல்லாயிரம் உள. மிளகின் காரமும், வேம்பின் கசப்பும், புகையிலையின் நிக்கோட்டினும் இவ்வகையின. இவற்றை இயற்கை விளைபொருள்கள் என்று இரசாயன நூலார் குறிப்பர். முற்காலத்தில் இவை தாவரம் ஒதுக்கித் தள்ளும் கழிவுகள் என்றே கருதப்பட்டன. இன்று அக்கருத்து மாறிவிட்டது. ஓடவும் இயலாமல், கடிக்கவும் இயலாமல் நின்ற இடத்திலேயே நிற்கும் செடிக்கும், மண்ணில் எண்ணற்ற நுண்ணுயிர்களின் நெருக்கடிக்கிடையே உணவு தேடும் பூஞ்சைக்கும், இவையே படைக்கலங்களாக உதவுகின்றன என்பதற்குப் பல சான்றுகள் கிடைத்துள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய பயன் ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

இனிக் காந்தளுக்கு வருவோம். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள முதன்மையான நஞ்சின் பெயர் கால்ச்சிசின். இப்பெயர் காந்தளிலிருந்து வந்ததன்று. ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் ஊதாநிறப் பூப் பூக்கும் கால்ச்சிகம் என்னும் செடியிலிருந்து வந்தது. கருங்கடலின் கீழைக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில், கால்ச்சிஸ் என்றொரு நாடு பண்டைக் காலத்தில் இருந்தது. கிரேக்கக் கதைகளில் நச்சு மூலிகைகளுக்குப் பெயர்போன அந்நாட்டின் பெயரையே அச்செடிக்கும் இட்டனர். கால்ச்சிகமும் காந்தளும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலின் இரண்டிலும் ஒரே பொருள் காணப்படுதல் வியப்பன்று. கி. பி. 6-ஆம் நூற்றாண்டிலேயே டிரால்லிஸ் நகரத்து அலெக்சாந்தர் என்னும் மருத்துவர் இவ்வகைக் கிழங்கை மூட்டுநோய்க்குப் பயன்படுத்தினார். வியன்னா நகரில் ஷ்டோர்க் என்பவர் 1763-இல் அதனை மீண்டும் வழக்கிற் கொணர்ந்தார். சிங்கோனாப் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்த பெல்லெட்டியர், காவெந்தூ என்னும் பிரெஞ்சு இரசாயனிகள் இருவரும், அதே 1820-ஆம் ஆண்டில் கால்ச்சிகக் கிழங்கையும் ஆராய்ந்து அதன் நச்சுப்பொருளைப் பிரித்தனர். கைகர் என்னும் ஜெர்மானியர் 1833-இல் அதற்குக் கால்ச்சிசின் என்று பெயரிட்டார்.

இதன் மூலக்கூறில் 22 கார்பன் அணுக்களும், 25 ஹைட்ரஜன் அணுக்களும், 6 ஆக்ஸிஜன் அணுக்களும், ஒரே ஒரு நைட்ரஜன் அணுவும் உள்ளன. எண்ணிக்கையை அறிவது எளிது; அவை எவ்வாறு கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறிய நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கார்பன் அணுக்கள் மூன்று வளையங்களாக அமைந்துள்ளன என்பது தெரிந்தது. முதல் வளையம் நாம் நன்கறிந்த ஆறணு வளையம். மூன்றாவதும் அவ்வாறே இருக்கும் என்று அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1945-இல் டூவர் என்னும் ஆங்கில அறிஞர் அஃது ஏழு அணுக்களாலான வளையம் என்று கூறினார். எக்ஸ்-கதிர் ஆய்வு அதனைப் பின்னர் உறுதிப்படுத்தியது. நடு வளையமும் ஏழணு வளையமே. ஒழுங்கான அறுகோணத்தைக் கவராயம் கொண்டு நொடியில் வரைந்துவிடலாம். ஒழுங்கான எழுகோணத்தையோ கவராயமும் அளவில்லாக் கோலும் மட்டும் கொண்டு துல்லியமாக வரையவே இயலாது என்பதைக் கணித மாணவர் அறிவர். கரும்பலகையில் எழுகோணம் வரைந்து தொல்லையுற்ற ஆசிரியன் என்ற முறையில், இவ்வமைப்பைக் கண்டுபிடித்தவர்பால் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஷூரிக் நகரத்து எஷன்மோசர் 1959-இல் இம்மூலக்கூறை ஆய்வகத்திலேயே எளிய பொருள்களிலிருந்து கட்டியமைத்தார்.

இப்பொருள் உயிரினுள் என்ன செய்கிறது? இதனை விளக்க வெங்காயத்தை அழைக்க வேண்டும். வாய் அகன்ற குப்பியில் நீர் நிரப்பி, அதன்மேல் வெங்காயத்தின் அடி நீரைத் தொடுமாறு வைத்தால் இரண்டு மூன்று நாட்களில் வேர்கள் இறங்கும். வேர்நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உயிரணுக்கள் பிளவுறும் காட்சி தெரியும். என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதனைக் காட்டியிருக்கிறேன். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் அதன் குரோமோசோம்கள் இரட்டித்து நடுவில் அணிவகுத்து நிற்கும். பின்னர் இரு முனைகளிலிருந்தும் நூல்கள் வந்து பற்றி இழுத்தாற்போல், ஒரு பாதி இப்பக்கமும் மறுபாதி அப்பக்கமும் நகரும். அந்நூல்கள் கதிர்க்கோல்போல் நடுவிற் பருத்தும் முனைகளிற் குவிந்தும் காணப்படும். அவை நூல்களல்ல, உள்ளீடற்ற மிக நுண்ணிய குழல்கள் என்பது எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னர்த் தெளிவாயிற்று. நாம் அவற்றை நுண்குழல்கள் என்போம். செங்கல்லை அடுக்கிப் புகைபோக்கி கட்டுவதுபோல், டியூபுலின் என்னும் புரத மூலக்கூறுகளை அடுக்கி உயிரணு இக்குழல்களைக் கட்டுகிறது. வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிறது. மீண்டும் வேண்டும்போது மீண்டும் கட்டுகிறது.

கால்ச்சிசின் செய்வது ஒன்றே. அஃது இந்தச் செங்கல்லைப் பற்றிக் கொள்கிறது. பற்றப்பட்ட செங்கல் கட்டடத்திற்கு உதவாது, குழல் வளராது. குரோமோசோம்கள் இழுப்பார் இன்றி நின்றுவிடுகின்றன. பிரஸ்ஸல்ஸ் நகரத்து டஸ்டின் என்பவரும் அவர்தம் மாணவரும் 1930-களில் இவ்விளைவை விரிவாக ஆராய்ந்தனர். 1937-இல் அமெரிக்கரான பிளேக்ஸ்லியும் ஏவரியும் ஊமத்தை முதலிய செடிகளில் இதனைப் பயன்படுத்தினர். இழுப்பார் இல்லாமையால் இரட்டித்த குரோமோசோம்கள் அனைத்தும் ஓர் உயிரணுவிலேயே தங்கி, இருமடங்கு குரோமோசோம் உடைய செடிகள் தோன்றின. ஜப்பானியரான கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உண்டாக்கியது இம்முறையின் வழியே. கோதுமையையும் ரை என்னும் தானியத்தையும் கலந்து பிறந்த மலட்டுப் பயிரை விதை தரச் செய்ததும் இதுவே. 1967-இல் சிக்காகோவில் போரிசியும் டெய்லரும், உயிரணுவினுள் கால்ச்சிசின் எதனைப் பற்றுகிறது என்று தேடிச் சென்று அந்தப் புரதத்தையே கண்டனர். டியூபுலின் என்ற பெயர் அதற்கு மறு ஆண்டில் இடப்பட்டது. ஒரு நஞ்சைத் தூண்டிலாகக் கொண்டு உயிரணுவின் உறுப்பு ஒன்றைப் பிடித்த வரலாறு இது.

தன் நஞ்சு தன்னைக் கொல்லாதோ என்று ஓர் ஐயம் எழலாம். தாவரங்களின் டியூபுலின், விலங்குகளின் டியூபுலினைவிடக் கால்ச்சிசினை மிகத் தளர்வாகவே பற்றுகிறது. காந்தளுக்கு ஒன்றும் ஆகாத அளவு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் கேடாக முடிகிறது.

அக்கேட்டைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது; ஏனெனில் அது நம் ஊர்களில் உயிர்களைக் கொள்ளை கொண்டு வருவது. காந்தட் கிழங்கை வள்ளிக் கிழங்கு முதலிய உண்ணும் கிழங்குகள் என்று மயங்கி வேகவைத்துத் தின்றவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உளர். வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. உண்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை தணிந்து, ஆபத்து நீங்கியதென்று வீட்டார் நினைக்கும் வேளையில் இரத்தத்தின் அணுக்கள் குறையத் தொடங்கும். இதயமும் சிறுநீரகமும் தளரக் கூடும். தப்பிப் பிழைத்தவர்க்கு ஓரிரு வாரங்களில் தலைமயிர் உதிரும். ஏன் இந்த வரிசை? குடலின் உட்பரப்பு, எலும்பின் சோறு, மயிர்க்கால் ஆகியவையே நம் உடலில் உயிரணுக்கள் இடைவிடாது பிளந்து பெருகும் இடங்கள். பிளவைத் தடுக்கும் நஞ்சு அவ்விடங்களையே முதலில் தாக்குகிறது. நுண்ணோக்கியில் வெங்காய வேரிற் கண்டதும் மருத்துவமனைக் கட்டிலிற் காண்பதும் ஒரே செயலின் இரு தோற்றங்கள். இந்நஞ்சுக்கு எளிதிற் கிடைக்கும் மாற்றுமருந்து இல்லை. எனவே இக்கிழங்கை ஒருவர் உண்டார் என்று ஐயம் தோன்றினாலே, வாந்தி வருமட்டும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். உண்ட கிழங்கின் மிச்சம் இருந்தால் அதனையும் எடுத்துச் செல்லுதல் நன்று.

மூலிகைதானே, அஃது என்ன தீங்கு செய்யும் என்று படித்தவர்களும் பேசக் கேட்டிருக்கிறேன். இப்பேச்சு எனக்கு உடன்பாடன்று. மண்ணில் விளைந்தது என்பதனால் ஒரு மூலக்கூறு இரக்கம் கொள்வதில்லை. மாநில மலர் என்ற சிறப்புக் கருதிப் பள்ளித் தோட்டங்களிற் காந்தளை வளர்ப்பதை நான் வரவேற்கிறேன். அதன் அடியில் இது நஞ்சு என்னும் பலகை ஒன்றும் இருத்தல் வேண்டும்.

இதே பொருள் மருந்தாவது அளவினால். கவுட் என்னும் நோயில், காற்பெருவிரலின் மூட்டில் யூரிக் அமிலத்தின் உப்பு ஊசி ஊசியாகப் படிகின்றது. வெள்ளையணுக்கள் அவ்வூசிகளை விழுங்க விரைகின்றன. மேலும் மேலும் துணைக்கு ஆட்களை அழைக்கின்றன. மூட்டு நெருப்பாய்ச் சிவந்து வீங்குகிறது. வெள்ளையணு நகர்வதற்கும் நுண்குழல் வேண்டும். மில்லிகிராம் கணக்கில் மிகச் சிறிதளவு கால்ச்சிசின், அந்நடமாட்டத்தைத் தணித்து வலியைக் குறைக்கிறது. 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இதய நாளங்களில் அடைப்பு உடையவர்க்கு நாள்தோறும் அரை மில்லிகிராம் கொடுப்பதற்கும் இசைவளித்தது. ஆயினும் மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி குறுகியது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளை உட்கொள்பவர்க்கும் அந்த இடைவெளி மேலும் குறுகுகிறது.

நித்தியகல்யாணி நம் முற்றத்துச் செடி. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. இதன் இலைச்சாறு நீரிழிவுக்கு மருந்து என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருந்தது. 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் இதன் இலைகளைக் கனடாவிற்கு அனுப்பினார். அங்கே மேற்கு ஒன்டாரியோப் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் நோபிள் என்பவர் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசிமூலம் செலுத்தியபோதோ எலிகள் நோய்த்தொற்றுக் கண்டு மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றின் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்து போயிருந்தன. வெள்ளையணுக்கள் அளவின்றிப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு உதவுமன்றோ? இவ்வாறு எண்ணிய நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்து 1958-இல் அறிவித்தனர். இலில்லி நிறுவனத்தாரும் தனியே அதே செடியை ஆராய்ந்து வின்கிரிஸ்டினைக் கண்டனர். இவையும் டியூபுலினையே பற்றுகின்றன; ஆனால் கால்ச்சிசின் பற்றும் இடத்திலன்று, வேறோர் இடத்தில்.

இவ்விரு பொருள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வின்பிளாஸ்டினில் 117 அணுக்கள்; வின்கிரிஸ்டினில் 116. ஒரு மூலையில் நைட்ரஜனோடு சேர்ந்துள்ள கார்பனுக்கு முன்னதில் மூன்று ஹைட்ரஜன் உண்டு. பின்னதில் அவ்விடத்தில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனும் உள்ளன. வேறுபாடு அவ்வளவே. எனினும் வின்பிளாஸ்டின் எலும்புச் சோற்றை மிகுதியாகத் தாக்கும்; வின்கிரிஸ்டின் அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நரம்புகளைத் தாக்கி, விரல்நுனிகளை மரத்துப் போகச் செய்யும். நீண்ட நரம்பிழையினுள் சரக்கு ஏற்றிச் செல்லும் தண்டவாளங்களும் நுண்குழல்களே என்பதை நினைவிற் கொள்க. எலும்புச் சோற்றை விட்டுவிடுவதால் வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க முடிகிறது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுட் பிழைத்தவர் மிகச் சிலர். இன்று, முழுச் சிகிச்சையும் கிடைக்கும் நாடுகளில், குழந்தைகளிடையே மிகுதியாகக் காணும் வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் அளவிற்குப் பிழைக்கின்றனர். அக்கூட்டுச் சிகிச்சையின் தூண்களுள் ஒன்று வின்கிரிஸ்டின். இலையில் இவற்றின் அளவு மிகமிகச் சிறிது. பல நூறு கிலோகிராம் உலர்ந்த இலையை வடித்தால் ஒரு கிராம் கிட்டும். இதனை அறியாமல் வீட்டில் இலையை அரைத்துக் குடிப்பவர், நோய்க்கு வேண்டிய அளவையும் பெறார். அவ்விலையிலுள்ள ஏனைய பல பொருள்களின் விளைவையும் அறியார்.

பூஞ்சையின் கதை இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1939-இல் ரெய்ஸ்டிரிக் என்பவரும் அவர்தம் துணைவரும் பெனிசிலியம் இனத்துப் பூஞ்சை ஒன்றிலிருந்து கிரிசியோஃபுல்வின் என்னும் பொருளைப் பிரித்தனர். அதன் மூலக்கூறில் ஒரு குளோரின் அணு இருந்தமை புதுமையாகத் தோன்றியது. பயன் எதுவும் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னர், ஊசியிலை மரங்கள் சரியாக வளராத வேர்ஹாம் என்னும் தரிசின் மண்ணைப் பிரையன் என்பவர் ஆராய்ந்து கொண்டிருந்தார். அம்மண்ணில் வாழும் ஒரு பெனிசிலியம், பிற பூஞ்சைகளின் இழைகளைச் சுருள் சுருளாக முறுக்கிவிடும் பொருளைச் சுரப்பதை 1946-இல் அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஆராய்ந்தபோது, அது பழைய கிரிசியோஃபுல்வினே என்பது தெரிந்தது. 1958-இல் கிளாஸ்கோ நகரத்து ஜென்டில்ஸ், படர்தாமரை பற்றிய சீமைப் பெருச்சாளிகளுக்கு இதனை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்.

இதன் அருமையை உணர, அதற்கு முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும். சிறுவர் தலையில் மயிரடியிற் பற்றும் படர்தாமரைக்கு மேற்பூச்சு எட்டாது. ஆகவே பல நாடுகளில் சிறுவர் தலைமேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சி, மயிர் முழுவதையும் உதிர்த்துவிடுவர். அவ்வாறு கதிர் ஏற்ற சிறுவர்களுட் சிலர்க்குப் பிற்காலத்தில் மூளைக் கட்டியும் கழுத்துச் சுரப்பிப் புற்றும் தோன்றியமை பின்னாளில் ஆராய்ந்து காணப்பட்டது. பூஞ்சை தந்த மாத்திரை வந்த பின்னர் அக்கதிர்முறை கைவிடப்பட்டது. இம்மருந்து புதிதாக முளைக்கும் மயிரிலும் நகத்திலும் சென்று தங்கி, பூஞ்சை அங்கே பரவாதவாறு தடுக்கிறது. ஆதலால் வாரக் கணக்கில் உட்கொள்ள வேண்டும். சிரங்கு ஆறியதுபோல் தோன்றியதும் பாதியில் நிறுத்திவிட்டு மீண்டும் அதே நோயோடு வகுப்பில் அமரும் பிள்ளைகளை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம்.

கிரிசியோஃபுல்வின் பூஞ்சையைத் தடுப்பது எவ்வாறு? பூஞ்சையின் நுண்குழல்களைச் செயலறச் செய்து, அதன் உயிரணுப் பிளவை நிறுத்துவதால்தான். காந்தள், நித்தியகல்யாணி, மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை ஆகிய மூன்றும் தனித்தனியே வேறு வேறு வடிவில் மூன்று பூட்டுக்களைச் செய்து, ஒரே கதவிற் பூட்டியிருக்கின்றன. யூ என்னும் மரத்தின் பட்டையில் வாலும், மகாராஷ்டிரத்திற் பிறந்த வானியும் 1971-இல் கண்ட டாக்சால் நான்காவது. அது குழலைக் கட்டவிடாமற் செய்வதன்று, கட்டிய குழலைக் கலையவிடாமல் இறுக்குவது என்று 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார்.

இன்று கால்ச்சிசினுக்கு மூலப்பொருளாகும் காந்தள் விதை, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விளைகிறது. கிளுவைப் போத்துக்களிலும் கம்பிப் பந்தலிலும் கொடியை ஏற்றுகின்றனர். இம்மலரின் சூல்தண்டு, மகரந்தப் பைகளை விட்டு விலகி ஒரு பக்கமாய் மடங்கி நிற்பதால், தானே கருவுறுதல் குறைவு. ஆகவே காலைப் பொழுதில் ஆட்கள் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைத் தொட்டு வைக்கின்றனர். 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், காந்தட் செடியின் மரபணுக்களை ஆராய்ந்து, பினைல்அலனின், டைரோசின் என்னும் இரு சாதாரண அமினோ அமிலங்களிலிருந்து இச்செடி படிப்படியாகக் கால்ச்சிசினைக் கட்டும் வழியைப் பெரும்பகுதி வெளிப்படுத்தினர். அம்மரபணுக்களைப் புகையிலைக்கு உறவான ஒரு செடியிற் புகுத்தி, கால்ச்சிசினுக்குச் சில படிகள் முன்னதான பொருளையும் உண்டாக்கினர். 2022-இல் வேறு ஆராய்ச்சியாளர், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் பூஞ்சைக்கு நித்தியகல்யாணியின் மரபணுக்களைக் கொடுத்து, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் அதனுள்ளேயே விளைவித்து, பின்னர் அவற்றை இணைத்தனர். கிடைத்த அளவு, ஒரு லிட்டர்க் கரைசலுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மூலனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு கார்த்திகையிலும் விடியற்காலை வேலை இன்னும் நடந்து கொண்டுதான் இருக்கிறது.